லாட்டி டாடைத் தேடி விம்பிள்டன் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்களா?

லண்டன் சர்ச் ரோட்டில் உள்ள விம்பிள்டன் டென்னிஸ் அருங்காட்சியகத்துக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: விக்டோரியா காலத்து ஆங்கிலேய டென்னிஸ் வீராங்கனை லாட்டி டாட் இந்த இடத்தில் ஆடியதே இல்லை. விம்பிள்டன் போட்டியை நடத்தும் கிளப் இங்கே குடிவந்தது 1922-இல். அவருடைய ஐந்து ஒற்றையர் பட்டங்களும் (1887, 1888, 1891, 1892, 1893) வொர்ப்பிள் ரோடு மைதானத்தில் வந்தவை. அதனால் ஒரே நாளில் இரண்டு இடங்களையும் பார்ப்பதுதான் சரி.

அருங்காட்சியகத்தில் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் மகளிர் கோப்பை. பார்வைக்கு அது ஒரு வெள்ளித் தாம்பாளம், குறுக்களவு ஏறத்தாழ 48 செ.மீ. 1958 முதல் வென்றவர்களின் பெயர்கள்தான் வெளிப்புறத்தில் உள்ளன. லாட்டியின் பெயரை அங்கே தேடினால் கிடைக்காது, உட்புறம் பாருங்கள். பெயர்கள் 1884-இல் தொடங்கினாலும் தாம்பாளம் பரிசானது 1886-இல்தான். முதல் வெற்றியாளர் மாட் வாட்சனுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிப் பூக்கூடை.

அடுத்து, விக்டோரியா காலத்து உடைகள். வளர்ந்த பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சும் தரை தொடும் பாவாடையுமாக ஆடினார்கள். அந்த உடுப்பில் கையைத் தலைக்கு மேல் வீசுவதும், வலைக்கு ஓடி வருவதும் எவ்வளவு பாடு! லாட்டி பள்ளிச் சிறுமி என்பதால் கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை அவருக்கு அனுமதி. பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கும் அவருடைய ஆட்டத்துக்கு அது பெரிய துணை. திறமையை உடையால் விளக்கிவிட முடியாதுதான்; ஆனாலும் 1887 இறுதியில் பிளாஞ்ச் பிங்லியை 6-2, 6-0 என்று வென்றதை இந்த உடைகளைப் பார்த்தபின் யோசித்தால் நன்றாகப் புரியும்.

லாட்டி ஆடிய கோல்ஃப், ஹாக்கி பற்றி அறிய இது இடமல்ல. பெயரே டென்னிஸ் அருங்காட்சியகம். வழிகாட்டியோடு மைதானம் சுற்ற முன்பதிவு அவசியம். போட்டி நடக்கும் இரு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

போக, லண்டன் மெட்ரோ ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் சவுத்ஃபீல்ட்ஸில் இறங்கி கால் மணி நேரம் நடக்கலாம். திரும்பும்போது சவுத்ஃபீல்ட்ஸிலிருந்து அதே லைனில், வந்த திசையிலேயே மேலே போனால் இரண்டாவது நிறுத்தம் விம்பிள்டன். வொர்ப்பிள் ரோட்டுக்கு அங்கிருந்து நடக்கலாம். பழைய மைதானம் இப்போது ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டுத் திடல், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். 1908 ஒலிம்பிக்கின் புல்தரை டென்னிஸும் இங்கேதான் நடந்தது. லாட்டி அதில் இல்லை. அதே ஒலிம்பிக்கில் லண்டனின் ஒயிட் சிட்டி அரங்கில் வில்வித்தையில் அவர் வெள்ளி வென்றார். அவரை முந்தித் தங்கம் வென்ற குவீனி நியூவலுக்கு அப்போது வயது 53.