லேசர் வெட்டு சுத்தம், மரத்தேர்வு நம் தலையில்: 1200 மி.மீ. பால்சா கப் கிட்

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேட வேண்டாம். சமையலறைத் தராசை எடுங்கள், ஒரு கிராம் வரை காட்டும் தராசாக இருந்தால் போதும். பால்சா என்ற லேசான மரத்தில் நாமே கட்டி ரிமோட்டில் பறக்கவிடும் இந்த மாடல் விமானக் கிட்டின் நல்லது கெட்டது இரண்டும் அதில்தான் தெரியும்.

பைப்பர் ஜே-3 கப், 1938இல் வந்த மஞ்சள் நிறப் பயிற்சி விமானம். அசலின் இறக்கை நீளம் 10.74 மீட்டர், இங்கே 1200 மி.மீ., அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. பெட்டிக்குள் லேசரில் வெட்டிய பால்சா, பிளைவுட் ஷீட்கள், குச்சிகள், லேண்டிங் கியர் கம்பி, சக்கரம், கவரிங் ஃபிலிம், முழு அளவு வரைபடம் எல்லாம் இருக்கின்றன. மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), செர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்), பேட்டரி, ரிசீவர் தனியாக வாங்க வேண்டும்.

வெட்டு அருமை. ரிப்களின் (இறக்கையின் குறுக்கு விலா) பள்ளத்தில் ஸ்பார் குச்சி (இறக்கையின் நீள முதுகெலும்பு) தட்டாமலே உட்காருகிறது, ஃபார்மர்களின் (உடலின் குறுக்குச் சட்டம்) பல்லும் பள்ளமும் ஆடுவதில்லை. ஆனால் மரத்தை யாரும் தரம் பிரிக்கவில்லை. 3 மி.மீ. தடிமன், 100க்கு 500 மி.மீ. ஷீட்டின் கன அளவு 150 கன செ.மீ. நல்ல லேசான பால்சாவாக இருந்தால் 15, 16 கிராம் வர வேண்டும். வால் பாகங்கள் வெட்டிய ஷீட் 25 கிராம்! கப்பின் மூக்கு குட்டை. சி.ஜி.யிலிருந்து (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி) வால் இருக்கும் தூரம், மோட்டார் இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்கு. வாலில் 6 கிராம் கூடினால் மூக்கில் 18 கிராம் ஈயம் கட்ட வேண்டும். ஆகவே லேசான ஷீட் ஒன்று தனியாக வாங்கி, வந்த பாகங்களை அச்சாக வைத்து பிளேடால் வெட்டிக்கொள்வது அரை மணி நேர வேலை, ஆனால் பலன் பெரிது. கனமான பழைய ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூக்குப் பக்கம் நிரப்ப உதவும்.

குச்சிகளையும் எடை போட்டு ஜோடி சேருங்கள். விரலால் வளைத்துப் பார்த்தாலே விறைப்பானது எது, தொளதொளப்பானது எது என்று தெரிந்துவிடும். இரண்டு இறக்கைக்கும் ஒரே மாதிரி ஸ்பார் அமைந்தால் முறுக்கலும் ஒரே மாதிரி இருக்கும். ரிப்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால் கன ரிப், லேசான ரிப் என்று மாற்றி மாற்றிக் கோர்த்தால் சரியாகிவிடும்.

கனமான ஷீட்டில் லேசர் சில இடங்களில் அடிவரை இறங்கவில்லை. விரலால் தள்ளினால் ரிப்பின் வால்முனை கையோடு வரும். ஷீட்டைத் திருப்பி, பின்பக்கம் கோட்டின் மீது பிளேடை ஒருமுறை ஓட்டுங்கள். கருகிய விளிம்பை 240 உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். கரியின் மேல் ஒட்டிய பசை கரியோடு உரிந்துவிடும். அதற்காகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பள்ளம் தளர்ந்துபோகும்.

பால்சாவோடு பால்சாவுக்கு சிஏ பசை (சூப்பர் குளூ வகை), பிளைவுட் வரும் இடமெல்லாம் எப்பாக்ஸி (இரண்டைக் கலந்து தடவும் பசை). கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் மெல்லிய சிஏ நேர் பார்ப்பதற்குள் இறுகிவிடும். எனவே முதலில் குண்டூசி குத்தி, நேர் பார்த்து, பிறகு சொட்டு விடுங்கள்.

வழிகாட்டித் தாள்தான் மகா மோசம். வெறும் படங்கள், அதிலும் வரிசை தப்பு. ஃபயர்வாலை (மோட்டாரைத் தாங்கும் முன்பலகை) ஒட்டிய பிறகு டி-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்) போடச் சொல்கிறது, அப்போது உள்ளே கை நுழையாது. டி-நட்டை முதலில் அடித்து, எப்பாக்ஸி தடவி, பிறகு ஃபயர்வாலை ஒட்டுங்கள். மோட்டாருக்கு வலச்சாய்வும் கீழ்ச்சாய்வும் கொடுப்பதாகப் படத்திலும் இல்லை, மரத்திலும் இல்லை. திருகுகளின் இடைவெளி 30 மி.மீ. என்றால் 1 மி.மீ. வாஷர் ஏறத்தாழ 2 டிகிரி தரும். பைலட் இருக்கையிலிருந்து பார்க்கும்போது இடப்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் ஒன்று, மேல்பக்கத்துக்கு ஒன்று. இதை விட்டால் த்ராட்டில் (மோட்டார் வேகம்) ஏற்றும்போதெல்லாம் மூக்கு மேலேயும் இடப்பக்கமும் போகும்.

இன்னொரு பலவீனம் லேண்டிங் கியர். கம்பியைத் தாங்குவது 2 மி.மீ. பிளைவுட் ஃபார்மர் ஒன்று மட்டும். கொஞ்சம் கனமாக இறங்கினால் வயிற்றோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்னால் 3 மி.மீ. பிளைவுட் துண்டு ஒட்டி, கம்பியைக் கெட்டி நூலால் சுற்றிக் கட்டி, மேலே எப்பாக்ஸி தடவுங்கள். கூடுதல் எடை 4, 5 கிராம்தான், அதுவும் முன்பக்கம்.

ஃபிலிம் மோசமில்லை. 100 டிகிரி வாக்கில் ஓரம் ஒட்டும், 140 தாண்டினால் சுருங்கும். வால் பாகங்களுக்கு இரண்டு பக்கமும் ஒட்டிய பிறகே சுருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அப்பளம்போல வளையும். இறக்கையைச் சுருக்கும்போது நுனியில் பின்விளிம்பு 5 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி முறுக்கிப் பிடித்து வெப்பம் கொடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. மெதுவாகத் திரும்பும்போது கப் ஒரு இறக்கையைக் கீழே போடும் குணம் இதில் நன்றாகவே அடங்கும்.

வாங்க வேண்டியவை: 2212 அளவு 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி, 10க்கு 4.7 அங்குல புரொப்பல்லர், 3எஸ் (மூன்று செல்) 1300 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 9 கிராம் செர்வோ நான்கு. வாட் மீட்டரில் முழு த்ராட்டிலுக்கு 15 ஆம்பியர் சுற்றுவட்டத்தில் நின்றால் சரி. பேட்டரியோடு மொத்த எடை 750 கிராமுக்குள் இருக்கட்டும். இறக்கை அகலம் 180 மி.மீ., முன்விளிம்பிலிருந்து 54 மி.மீ.யில் சி.ஜி. வைத்துத் தொடங்குங்கள். பேட்டரித் தட்டு பின்னால் தள்ளி இருக்கிறது, அதை ஃபயர்வால்வரை நீட்டிவிட்டால் பெரும்பாலும் ஈயமே வேண்டாம்.

எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மேலே 12 மி.மீ. என்றால் கீழே 6 மட்டும். இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் வலப்பக்கம் திரும்பச் சொன்னால் மூக்கு இடப்பக்கம் போகும். அப்படியும் ரட்டரை (வாலின் செங்குத்து மடல்) தொடாமல் இந்த விமானம் அழகாகத் திரும்பாது. டைமரை 7 நிமிடத்துக்கு வையுங்கள்.

ஃபோம் விமானம் ஒன்றைத் தரையிறக்கிப் பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் விமானமாக இது வேண்டாம். பெட்டியில் வரும் கருப்பு மின்னல் ஸ்டிக்கர் இரண்டும் இடப்பக்கத்துக்கே வெட்டியவை. வலப்பக்கம் ஒட்டினால் மின்னல் பின்னோக்கி ஓடும். ஒன்றைக் கருப்பு ஃபிலிமில் வெட்டிக்கொள்ளுங்கள்.