விபிஎன் போட்டதும் நெட் படுத்துக்கொள்கிறதா? வேகத்தைத் தின்பது எது

100 மெகாபிட் லைன். விபிஎன்னை, அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவையை, இயக்கியதும் ஸ்பீட் டெஸ்டில் 35 காட்டுகிறது. ஏன் என்று கேட்டால் உடனே வரும் பதில்: "எல்லாவற்றையும் பூட்டுப் போட்டு அனுப்புகிறதே, அதனால்தான்."

கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. விபிஎன் வேலை செய்யும் விதிமுறைகளில், அதாவது நெறிமுறைகளில், ஒன்றான வயர்கார்டு, பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4 வழியாகப் போகும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவைச் சிறு துண்டாகக் கட்டிய பொட்டலம்) 60 பைட் கூடுதலாகச் சேர்க்கிறது. 1420 பைட் சரக்குக்கு 60 பைட் சாக்குப்பை, அதாவது சுமார் 4 சதவீதம். இன்னொரு நெறிமுறையான ஓப்பன்விபிஎன்னிலும் ஏறக்குறைய இவ்வளவுதான். நேர்மையாகப் பார்த்தால் 100-க்கு 95 பக்கம் வந்தாக வேண்டும். மீதி 60 மெகாபிட்டை வேறு யாரோ தின்கிறார்கள்.

அந்த ஆளைப் பிடிக்கும் முன் ஒன்று. வைஃபையில் அளக்காதீர்கள். ரவுட்டரிலிருந்து கேபிளை நேராகக் கணினியில் செருகி, விபிஎன் இல்லாமல் ஒரு முறை, விபிஎன்னோடு ஒரு முறை, ஐந்து நிமிட இடைவெளிக்குள் அளந்து பாருங்கள். பதிவிறக்க வேகத்தோடு பிங்கையும் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். காலையில் விபிஎன் இல்லாமலும் இரவு 9 மணிக்கு விபிஎன்னோடும் அளந்துவிட்டு ஒப்பிட்டால், தெரு முழுக்கப் படம் பார்ப்பதன் பழி விபிஎன் தலையில் விழும்.

முதலில் நெறிமுறைகள். இன்று வீட்டுப் பயனர் முன்னால் இருப்பவை பெரும்பாலும் மூன்று: ஓப்பன்விபிஎன், வயர்கார்டு, ஐகேஇவி2. ஜேம்ஸ் யோனன் 2001-இல் வெளியிட்ட ஓப்பன்விபிஎன் எங்கும் ஓடும், எதையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது சாதாரணச் செயலியாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலிலிருந்து செயலிக்கு வந்து, பூட்டப்பட்டு, மறுபடி கெர்னலுக்குப் போக வேண்டும். அதுவும் பிராசசரின் ஒரே ஒரு கோரில். உங்களிடம் எட்டு கோர் இருந்தாலும் ஏழு சும்மா வேடிக்கை பார்க்கும். 2023-இல் வந்த 2.6 பதிப்பில், பூட்டும் வேலையைக் கெர்னலுக்குள் தள்ளிவிடும் டிசிஓ வசதி சேர்ந்தது. சர்வர், கணினி என்று இரு பக்கமும் அது இருந்தால் நிலைமை நன்றாகவே மாறுகிறது.

ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இலேயே கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. எந்தக் குறியாக்கம் (பூட்டும் முறை) வேண்டும் என்று உங்களைக் கேட்பதே இல்லை, சாச்சா20 ஒன்றுதான். தேர்வு இல்லாதது சிலருக்குக் குறையாகப் படலாம். எனக்கு நிம்மதி. தவறாக அமைக்க வாய்ப்பு குறைவு.

ஐகேஇவி2-வும் வேகத்தில் சளைத்ததல்ல. விண்டோஸ், ஐபோன், மேக் எல்லாவற்றிலும் உள்ளேயே இருப்பதால் தனிச் செயலி வேண்டாம். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பு அறாமல் தாங்குகிறது. 500, 4500 ஆகிய யூடிபி போர்ட்களை அடைத்திருக்கும் நெட்வொர்க்கில் மட்டும் எழுந்திருக்காது (யூடிபி என்பது பதிலுக்குக் காத்திராமல் பாக்கெட்டை அனுப்பும் முறை, போர்ட் என்பது எண்ணிட்ட கதவு). பழைய பிபிடிபி நெறிமுறை வேகமாகத்தான் ஓடும், ஆனால் அதன் பூட்டை 2012-இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

ஓப்பன்விபிஎன்தான் வேண்டும் என்றால் அடுத்த கேள்வி யூடிபியா, டிசிபியா என்பது. பெரும்பாலான வீடுகளில் வேகம் காணாமல் போவது இங்கேதான் என்பது என் எண்ணம். டிசிபியின் குணம், அனுப்பியதற்குப் பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவது, வேகத்தையும் குறைப்பது. நீங்கள் பார்க்கும் இணையதளமும் பெரும்பாலும் டிசிபியில்தான் பேசுகிறது. இப்போது விபிஎன்னும் டிசிபி என்றால் ஒரு டிசிபிக்குள் இன்னொரு டிசிபி. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் வெளியே இருப்பது அதைத் திரும்ப அனுப்புகிறது, அது வந்து சேரும்வரை பின்னால் வந்த எல்லாமே வரிசையில் நிற்கின்றன. உள்ளே இருப்பதற்கு இது தெரியாது. அதன் பொறுமை தீர்ந்து, அதுவும் தன் பங்குக்குத் திரும்ப அனுப்பி நெரிசலைக் கூட்டுகிறது. பாக்கெட் தொலையாத நல்ல கேபிள் லைனில் இதன் வலி தெரியாது. இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையில் தெரியும்.

என் வீட்டிலேயே நடந்தது. செயலியில் நெறிமுறையை 'ஆட்டோ' என்று விட்டிருந்தேன். ஒரு நாள் ரவுட்டரை அணைத்துப் போட்டபோது யூடிபி ஒரு கணம் கிடைக்காமல், அது டிசிபியின் 443-ஆம் போர்ட்டுக்குத் தாவியிருக்கிறது. திரும்பி வரவேயில்லை. நான் இரண்டு வாரம் லைனைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அலமாரி மேல் ஏற்றினேன். கடைசியில் ஒரு சின்னப் பட்டியலில் 'யூடிபி' என்று தட்டியதும் சரியாகிவிட்டது. யூடிபியை அடைத்து வைத்திருக்கும் இடங்களில் டிசிபி 443 உயிர் காக்கும், அதை மறுக்கவில்லை. வீட்டில் அதற்கு வேலை இல்லை.

சர்வரின் தூரம் அடுத்து. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வர, எந்த ரவுட்டரும் தாமதிக்காவிட்டாலும் 10 மில்லிநொடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். பிங் கூடினால் விளையாடுபவருக்குத்தானே கவலை என்று நினைக்கலாம். பதிவிறக்கமும் அடிவாங்கும். பதில் வருவதற்குள் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது 64 கிலோபைட் என்றால், பிங் 20 மில்லிநொடியாக இருக்கும்போது 26 மெகாபிட் வரும். அதே பிங் 200 ஆனால் 2.6 மெகாபிட்தான். இன்றைய கணினிகள் அந்த அளவைத் தாமே பெருக்கிக்கொள்வதால் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் பெருக நேரம் பிடிக்கிறது, ஒரு பாக்கெட் தொலைந்தால் மீள்வதும் மெதுவாகிறது.

பக்கத்திலேயே இருக்கும் தளத்தைப் பார்க்கக் கடல் கடந்த சர்வரைத் தேர்ந்தெடுப்பது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். குறிப்பிட்ட ஒரு நாட்டிலிருந்து வருவதுபோல் தெரிய வேண்டும் என்ற தேவை இல்லாவிட்டால் அருகில் உள்ள சர்வர் போதும். இரண்டு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் இரட்டைத் தாவல் வசதியை எதற்காக இயக்கினோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது. அணைத்துவிடுங்கள்.

சரி, விபிஎன்னை ரவுட்டரில் போடலாமா, கணினியிலா? ரவுட்டரில் போட்டால் டிவி உட்பட வீட்டுக்கே ஒரே கூரை, வசதிதான். ஆனால் சாதாரண ரவுட்டரின் பிராசசர் பாக்கெட்டைக் கை மாற்றுவதற்குச் செய்தது. பூட்டுப் போடும் வேலையைக் கொடுத்தால் மூச்சு வாங்கும். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் ஓப்பன்விபிஎன் சில பத்து மெகாபிட்டைத் தாண்டாது. இன்டெல் 2010-இலிருந்து ஏஇஎஸ் குறியாக்கத்துக்கென்றே தனிக் கட்டளைகளைப் பிராசசரில் வைக்கத் தொடங்கியது. மலிவான பெட்டிகள் பலவற்றில் அவை இல்லை. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில்கூட இல்லை, பை 5-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட பெட்டியில் ஏஇஎஸ்ஸைவிடச் சாச்சா20 தெளிவாக முந்தும். ஆக, ரவுட்டர்தான் என்று முடிவெடுத்தால் வயர்கார்டு. வேகம் முக்கியம் என்றால் கணினியிலேயே போடுங்கள்.

இதே இடத்தில் பலர் நோண்டும் இன்னொரு பொத்தான், ஏஇஎஸ்-256-ஐ 128 ஆக்குவது. 14 சுற்று 10 சுற்றாகும், உண்மை. அந்தத் தனிக் கட்டளைகள் உள்ள கணினியில், வீட்டு லைன் வேகத்தில், வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சில தளங்கள் பறக்கின்றன, சில பாதியில் உறைகின்றன, பிங் மட்டும் அழகாக வருகிறது. இந்த நோய்க்குப் பெயர் எம்டியூ, ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச நீளம். வழக்கமாக 1500 பைட். பிபிபிஓஇ மூலம் உள்நுழையும் லைனில் 1492. வயர்கார்டு தானாக வைப்பது 1420. புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாகச் சர்வரை அடைந்தால் அதன் மேல்சுமை 80, மொத்தம் 1500. 1492 அகலக் கதவில் 1500 நுழையாது. அங்கே 1412 என்று வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் தாராளமாக 1280-க்கு இறக்கிப் பாருங்கள். உறைவது நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார், அப்புறம் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். 1280-லேயே விட்டாலும் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

எல்லாவற்றையும் விபிஎன்னுக்குள் அனுப்புவதா, சிலவற்றை மட்டுமா? பெரிய பதிவிறக்கமும் டிவியும் வெளியே போகட்டும், வேலைக்கானது உள்ளே போகட்டும் என்று பிரித்தால் நெரிசல் குறையும். வெளியே போவது இணைய நிறுவனத்தின் கண்ணில் படும், அதைத் தெரிந்தே செய்யுங்கள். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரியைத் தேடும் டிஎன்எஸ் மட்டும் டன்னலுக்குள், அதாவது விபிஎன் பாதைக்குள், போனால், வீடியோ தளம் உங்களைச் சர்வர் இருக்கும் ஊர்க்காரர் என்று எண்ணி அங்கே பக்கத்தில் உள்ள கிடங்கைக் காட்டும். வீடியோ டன்னலுக்கு வெளியேதான் ஓடுகிறது, ஆனால் தூரத்திலிருந்து வருகிறது. பிரித்தால் டிஎன்எஸ்ஸையும் சேர்த்தே பிரிக்க வேண்டும்.

சில நேரம் எல்லாம் தலைகீழாகவும் இருக்கும். விபிஎன் போட்டதும் வீடியோ வேகமாக ஓடும். இணைய நிறுவனம் அந்த வகைப் போக்குவரத்தை மட்டும் பிடித்து இழுத்திருக்கலாம், அல்லது அந்தத் தளத்துக்குப் போகும் அவர்களின் வழி நெரிசலாக இருக்கலாம். மூன்று நான்கு மாலைகள் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டு எண்களையும் குறித்துவைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிடுங்கள். "ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர அந்தத் தாள் தேவைப்படும்.