ஏஜென்ட்டை நம்பி வெளியூர் கிளம்பும் மேள செட்டுகள் கவனத்துக்கு

அலங்காநல்லூர்ப் பக்கம் நையாண்டி மேள செட் வைத்திருக்கிறேன். தவில் வாசிப்பேன். நாதஸ்வரம் 2, தவில் 2, பம்பை, தமுக்கு, கரகம் எடுக்கிற பெண்பிள்ளைகள் 2 பேர் என்று மொத்தம் எட்டுப் பேர். போன வைகாசியில் நாலு ஊர், நாலு ராத்திரி என்று கிளம்பி, மூன்றாம் ஊரிலிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். இந்த சீசனுக்குத் தேதி பேசிக்கொண்டிருக்கிற செட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு வெற்றிலை பாக்கைக் கையில் வாங்குங்கள்.

எங்களைக் கூப்பிட்டது ஒரு ஏஜென்ட். போனில்தான் பழக்கம். "அண்ணே, எல்லாம் ஒரே ரூட்டு. கல்லுப்பட்டியைத் தாண்டுனா ராஜபாளையம், சங்கரன்கோவில். அலைச்சலே கிடையாது" என்றார். ராத்திரிக்கு 20,000 பேச்சு. ஜிபேயில் 2,000 போட்டுவிட்டு, மீதியைக் கடைசி ஊரில் மொத்தமாகத் தருகிறேன் என்றார். 80,000 ரூபாய் வேலைக்கு 2,000 அச்சாரமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சீசன் தேதி போய்விடுமே என்ற பயத்தில் கேட்கவில்லை.

வேனும் அவர் ஏற்பாடுதான். வந்து நின்றது வெள்ளை போர்டு வண்டி. வாடகைக்கு ஓட மஞ்சள் போர்டுதான் வேண்டும். சொந்த உபயோக வண்டியில் வாடகைக்குப் போய் வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். எட்டு உயிர் உள்ளே இருக்கிறது, போர்டைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

உள்ளே இடமில்லை என்று தவில்களை மேலே கேரியரில் கட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது. இறக்கிப் பார்த்தால் தோல் தொளதொளவென்று கிடக்கிறது. தட்டினால் நாதம் இல்லை, நெல் மூட்டையைத் தட்டுகிற மாதிரி 'டொப்' என்கிறது. பறையைத் தீயில் காய்ச்சுகிற மாதிரி தவிலைக் காய்ச்ச முடியாது. நேரமில்லாமல் பொங்கல் அடுப்போரம் வைத்ததில் என் தவிலின் தோல் விளிம்போரம் விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பதினாறு வருஷமாக என் தோளில் தொங்கிய வாத்தியம் அது. இப்போதெல்லாம் வாத்தியம் வண்டிக்குள்ளே வந்தால்தான் நானும் ஏறுகிறேன்.

இரண்டாம் ஊரில் பத்து மணிக்குப் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தியது. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து விதி. ஏஜென்ட் எங்களிடம் சொன்னதோ, "விடியவிடிய ஆட்டம், பெர்மிஷன் வாங்கியாச்சு." பெர்மிஷன் தாளைக் கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் பாதி ஆட்டத்துக்குப் பாதிக் காசு என்று நம்மிடம்தான் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பெண்பிள்ளைகள் உடை மாற்றக் காட்டிய இடம் பள்ளிக்கூட வராண்டா. மறைப்பு இல்லை, வெளிச்சம் இல்லை. நாங்கள் நாலு பேர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாழ்ப்பாள் உள்ள அறை தருவீர்களா என்று தொகை பேசுவதற்கு முன்னால் கேளுங்கள். இழுத்தால் அந்த ஊர் வேண்டாம்.

அன்று ராத்திரியே டிரைவர், "எனக்கு டீசல் காசே வரலண்ணே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று மூன்றாம் ஊருக்குப் பஸ்ஸில் போய் வாசித்தோம். காலையில் கமிட்டியில் பணம் கேட்டபோது, கணக்குப்பிள்ளை வரி நோட்டைத் திறந்து காட்டினார். பந்தல், பூ, வாணவேடிக்கைக்குக் கீழே, "நையாண்டி மேளம் 35,000". பக்கத்தில் ஏஜென்ட்டின் கையெழுத்து. முழுத்தொகையும் பத்து நாளுக்கு முன்பே போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கமிட்டித் தலைவர் தன் சட்டைப்பையிலிருந்து 1,500 எடுத்து, "பஸ்ஸுக்கு வச்சுக்கங்கய்யா" என்று கையில் திணித்தார். அந்தக் காசில்தான் மதுரை வந்து சேர்ந்தோம். நாலாம் ஊருக்குப் போகவில்லை.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுங்காகக் கமிஷன் எடுத்துக்கொண்டு நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் கமிட்டித் தலைவர் நம்பரை வாங்கி நீங்களே ஒரு தடவை பேசிவிடுங்கள். என்ன தொகை, யார் கையில், எப்போது என்று கேளுங்கள். நம்பர் தர மாட்டேன் என்கிற ஏஜென்ட்டிடம் பேச்சை அதோடு நிறுத்துங்கள். பாதிப் பணமும் போக வர வண்டிக் காசும் கிளம்புவதற்கு முன்னால் வந்தாக வேண்டும், மீதியை அந்தந்த ஊரிலேயே, மேளத்தைத் தூக்குவதற்கு முன் வாங்க வேண்டும். பேசியதை வாட்ஸப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வையுங்கள். எங்களிடம் அப்படி ஒரு வரிகூட இல்லாததால் ஸ்டேஷனில் புகார் எழுதும்போது திணறிப்போனோம். ஜிபே ரசீதும், வரி நோட்டைப் போனில் எடுத்த போட்டோவும்தான் கைகொடுத்தன. புகார் இன்னும் நடக்கிறது.

தவிலுக்குத் தோல் மாற்றியாகிவிட்டது. இந்தப் பங்குனிக்கு அதே மூன்றாம் ஊர்க் கமிட்டித் தலைவர் நேரில் வந்து, வெற்றிலையோடு பாதிப் பணத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.