அறுபதுக்குப் பிறகு மலைச் சைக்கிள்: எந்தச் சாமான் வேண்டும், எது வேண்டாம்

நான் விழுந்தது சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தபோது அல்ல, நின்றபோது. திருகோணமலையில், கன்னியாப் பக்கத்தில் ஒரு கிறவல் பாதை, ஓரமெல்லாம் மணல். எதிரே வந்த மாட்டுக்கு வழிவிட நிறுத்தினேன். காலை ஊன்றப் போனால் நிலம் எட்டவில்லை. சீற்றை அவ்வளவு உயர்த்தி வைத்திருந்தேன். மெதுவாக, எல்லாம் தெரியத் தெரிய, வலப்பக்கம் சாய்ந்தேன். மாடு நின்று பார்த்துவிட்டுப் போனது.

முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினேன். ஆனால் அறுபத்து மூன்று வயதில் மணிக்கட்டோ இடுப்போ முறிந்தால் ஆறு மாதம் கட்டில்தான். அன்றிலிருந்து எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: இது என்னைச் சுலபமாக இறங்க விடுமா? வேகம், எடை, அழகு எல்லாம் அப்புறம்.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. வேலை செய்த காலத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் குளக்கட்டுகளிலும் வாய்க்கால் ரோட்டுகளிலும் மோட்டார் சைக்கிளில் திரிந்தவன். அதற்கு முன் லுமாலா என்ற சாதாரண ரோட்டுச் சைக்கிள். ஓய்வு பெற்ற பிறகு, கனடா போன மருமகன் விறாந்தையில் விட்டுப்போன மலைச் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். "இந்த வயசில உங்களுக்கு இது தேவையா?" என்று மனைவி கேட்டார். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மாஸ்டருக்கு அறுபத்தாறு. அவரும் ஒன்று வாங்கினார். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். கீழே எழுதியிருப்பதில் பாதி எங்கள் இருவரின் சண்டைதான்.

லுமாலாவா, மலைச் சைக்கிளா?

பழைய லுமாலாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். நிமிர்ந்து உட்காரலாம், முதுகும் கழுத்தும் நோகாது, கரியரில் சாமான் கட்டலாம். உள்துறைமுக வீதியில் மாலைக் காற்று வாங்க அதுவே போதும். மலைச் சைக்கிள் பிறந்ததே இப்படியான கிழட்டுச் சைக்கிளில்தான். 1970களில் கலிபோர்னியாவில் தமல்பாய்ஸ் என்ற மலையில் இளைஞர்கள் 1930, 40களின் தடித்த ரயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து இறக்கத்தில் உருட்டினார்கள். பின் சக்கர பிரேக் சூடாகி உள்ளே இருந்த கிறீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்ப அடைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் 1976இல் தொடங்கிய இறக்கப் போட்டிக்கு 'ரீபேக்', அதாவது திரும்ப அடைப்பது, என்று பெயர் வந்தது அதனால்தான்.

வித்தியாசம் தெரிவது ஏற்றத்தில். என் மலைச் சைக்கிளின் மிகச் சிறிய கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்றுத்தான் போகும். முழங்காலுக்கு அது மருந்து. கோட்டைக்குள் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் ரோட்டில் லுமாலாவை நான் தள்ளிக்கொண்டுதான் போவேன். இதில் நடக்கும் வேகத்தில், ஆனால் உட்கார்ந்தபடி, மான்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏறிவிடுகிறேன்.

முன்னால் இருக்கும் ஸ்பிரிங் ஷொக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான ஷொக் எடையைத்தான் கூட்டும். மணிக்கட்டைக் காப்பாற்றுவது அதைவிட ரயர்க் காற்றுத்தான்.

சக்கரத்தில் 26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று வகை. 29 குழிகளை லேசாகத் தாண்டும், உண்மை. ஆனால் சைக்கிளே உயரமாகிவிடும். என்னைப் போல ஐந்தடி நாலு அங்குலக்காரன் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது ஒரு வித்தை. எனக்கு 26தான். இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருப்பதும் 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதன் றிம் 590 மில்லிமீற்றர், இரண்டாவது 559. பெயர் ஒன்று, ஆள் வேறு. "சேர், இருபத்தாறு எண்டுதானே கேட்டீங்க?" என்றான் கடைப் பொடியன். அவன்மேல் பிழையில்லை. ரயரின் பக்கத்தில் மூன்று இலக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

சீற்: மெத்தையா, பலகையா?

எல்லோரும் முதலில் வாங்குவது அகலமான ஜெல் சீற். நானும் வாங்கினேன். பத்து நிமிடத்துக்குச் சொர்க்கம். நிலாவெளி போய் வருவதற்குள் தொடையின் உட்பக்கம் உரசிச் சிவந்து, கால்களுக்கு நடுவில் மரத்துப் போனது. காரணம் எளிது. நாம் உட்காருவது இரண்டு எலும்புகளில். மெத்தை மிருதுவாக இருந்தால் அந்த எலும்புகள் உள்ளே புதையும்; நடுவில் இருக்கும் ஜெல் மேலெழும்பி நரம்பையும் இரத்தக் குழாயையும் அமுக்கும். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு அந்தப் பகுதியில் ஏற்கெனவே ஒரு தொல்லை இருக்கும். அதற்கு மேல் இது வேண்டாம்.

மாஸ்டர் வாங்கியது இறுகலான, நடுவில் பள்ளம் வெட்டிய, நடுத்தர அகலச் சீற். பார்த்தால் பலகை. இரண்டு கிழமை முனகினார், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். சீற்றுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

அளவு பார்ப்பது இப்படி. பெட்டி செய்கிற நெளி அட்டையில் ஒரு துண்டை வாசற்படியில் வைத்து அதன்மேல் சாரத்தோடு உட்கார்ந்து, முன்னால் குனிந்து, ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். எனக்கு வெறும் கண்ணில் தெரியவில்லை. ரோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்த பிறகு நிழலில் தெரிந்தது. இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே எனக்குப் 12 சென்ரிமீற்றர். அதோடு இரண்டு அல்லது மூன்றைக் கூட்டினால் சீற்றின் அகலம். மனைவி வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தோல் சீற் காலப்போக்கில் உடம்புக்குப் பழகும் என்பார்கள், சரிதான். ஆனால் கச்சான் காலத்து வியர்வை, வாடை காலத்து மழை, இரண்டையும் தாங்க அதைக் குழந்தை மாதிரிப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

உயரம் வேறு கதை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருப்பதுதான் சரியான உயரம். தாழ்த்தினால் முழங்கால் நோகும். உயர்த்தினால் மாட்டுக்கு முன்னால் நான் விழுந்த மாதிரி விழ வேண்டும். இதற்கு இப்போது ஹான்டிலில் ஒரு பொத்தானை அமத்தினால் சீற் தாழும் கம்பி வருகிறது. நல்ல சாமான், விலையும் நல்ல விலை, கடற்கரை மணலும் உப்பும் அதற்கு எதிரி. நான் எடுத்தது பழைய வழி: கையால் திறந்து பூட்டும் கிளிப். ரோட்டில் சரியான உயரம், மண் பாதைக்குத் திரும்பும் இடத்தில் இறங்கி மூன்று விரல் தாழ்த்துவது. எப்படியும் அந்த இடத்தில் மூச்சு வாங்க நிற்கத்தானே வேண்டும்.

பெடல்

சப்பாத்தோடு பூட்டிக்கொள்ளும் பெடலை மாஸ்டரின் மகன் அனுப்பியிருந்தான். ஏற்றத்தில் காலை இழுத்தும் மிதிக்கலாம், நழுவாது. ஆனால் நிற்கும்போது குதிகாலை வெளியே திருப்பினால்தான் கழறும். பதற்றத்தில் திருப்ப மறந்தால் சைக்கிளோடு சேர்ந்தே சாய வேண்டும். மாஸ்டர் அதை அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். வாக்குவாதமே இல்லாமல் நாங்கள் ஒத்துப்போன ஒரே சாமான்.

தட்டைப் பெடலில்தான் தெரிவு. உலோகத்தில் கூரான ஆணி வைத்தது நன்றாகப் பிடிக்கும், ஆனால் கால் வழுக்கினால் முழங்காலுக்குக் கீழே எலும்போடு கீறிவிடும். நான் தினமும் அஸ்பிரின் எடுப்பவன், ஒரு கீறலுக்கு இரத்தம் நிற்க நேரமெடுக்கும். அதனால் நைலோனில் சிறு மொட்டுகள் வைத்த பெடல். செருப்போடு மிதிக்க வேண்டாம். பழைய ரப்பர் அடிச் சப்பாத்து ஒன்று போதும்.

முள்

திருகோணமலையில் மலைச் சைக்கிளின் எதிரி மலையல்ல, நெருஞ்சி முள். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும்படி கடவுள் செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் செடிக்கே பஞ்சர்க் கொடி என்ற பொருளில்தான் பெயர். அதோடு வேலியடியில் உடைமுள்.

வழி மூன்று. ரியூப் இல்லாமல் உள்ளே பால் மாதிரிப் பசை ஊற்றுவது முதலாவது. சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும், காற்றைக் குறைத்தும் ஓடலாம். ஆனால் நம் வெயிலில் அந்தப் பசை சில மாதங்களில் காய்ந்து தோலாகிவிடும், மறக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரயர் றிம்மில் இருந்து கழன்றால் கைப்பம்பால் ஏற்றவும் முடியாது.

இரண்டாவது, ரியூப்புக்குள்ளேயே பசை. நான் ஒரு வருடம் ஓடினேன், முள்ளுக்கு நல்லது. ஆனால் ஒருநாள் சாம்பல்தீவுப் பக்கம் கண்ணாடித் துண்டு கிழித்தபோது பசை பச்சைப் பச்சையாகப் பீறியது. ஒட்டுப் போட்டால் ஈரத்தில் பிடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் தள்ளினேன்.

மூன்றாவது, தடித்த ரியூப்பும் ரயருக்குள் ஒரு பட்டியும். எடை கூடும், சக்கரம் சற்று மந்தமாக உருளும். எனக்கு எங்கே அவசரம்? அதுதான் இப்போது. கூடவே ஒரு மாற்று ரியூப், ரயர் கழற்றும் இரண்டு நெம்புகோல்.

வால்வும் முக்கியம். மெல்லிய நீட்டு வால்வு வேண்டாம். மோட்டார் சைக்கிளில் இருக்கும் தடித்த வால்வு என்றால் எந்தப் பெற்றோல் நிலையத்திலும் காற்று அடிக்கலாம். ஆனால் அங்கே அடிப்பவரிடம் அளவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் கல்லாக்கிவிடுவார். நான் 72 கிலோ. கிறவலுக்கு முன்னால் 28 பிஎஸ்ஐ, பின்னால் 32. மணலில் இன்னும் குறைக்க ஆசை வரும். கூடக் குறைத்தால் கல்லில் ஏறும்போது றிம் ரியூப்பை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை போடும்.

மற்றச் சில்லறை

ஹெல்மெற்: மாஸ்டர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றோடு வந்தார், அநுராதபுரச் சந்தியிலேயே கழற்றிவிட்டார். காற்றோட்டம் உள்ள சைக்கிள் ஹெல்மெற், பின்தலையையும் மூடுவது, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்பது. உள்ளே இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை அடிபட்டால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

மூக்குக்கண்ணாடி பற்றி யாரும் சொல்வதில்லை. வாசிக்கவும் தூரம் பார்க்கவும் சேர்த்துச் செய்த கண்ணாடியில் கீழ்ப்பாதி வழியாக முன்சக்கரத்தைப் பார்த்தால் கல்லும் குழியும் கலங்கித் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒன்று தனியாகச் செய்தேன். எல்லாச் சாமானிலும் அதிகம் உதவியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கக் கண்ணாடி வலப்பக்கம், ஏனென்றால் நம்மை முந்துபவர்கள் அந்தப் பக்கம். கழுத்து திரும்பாதவர்களுக்கு அவசியம். மடிக்கக்கூடியதாக வாங்குங்கள், முட்பற்றையில் சிக்கும். தண்ணீர்ப் போத்தலை ஓடிக்கொண்டே குனிந்து எடுக்க வேண்டாம். நின்று குடியுங்கள், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. சார்ஜ் போடுகிற லைற்றே போதும், முன் லைற்றைவிடப் பின் லைற் முக்கியம். ஆனால் இருட்டியபின் காட்டுப் பக்கம் வேண்டாம். யானைக்கு லைற் ஒரு பொருட்டல்ல.

பிரேக்: கம்பியா, எண்ணெயா?

இதில்தான் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. றிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் மணலில் றிம்மையே அரம் போட்டுத் தேய்க்கும், ஆகவே இரண்டு பேருக்கும் சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் தட்டு பிரேக்தான். என்னுடையது கம்பியில் இழுபடுவது. கம்பி அறுந்தால் ஊரில் எந்தக் கடையிலும் மாற்றலாம். லீவரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருகினால் லீவர் விரலுக்குக் கிட்ட வரும். நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

மாஸ்டருக்கு விரல் மூட்டுகளில் வாதம். கம்பி பிரேக்கை நீண்ட இறக்கத்தில் பிடித்தால் விரல் இறுகி விரியாது. அவர் எண்ணெய் பிரேக் போட்டார். ஒரு விரலால் தொட்டால் போதும், சைக்கிள் நிற்கும். நான் பிடித்துப் பார்த்தேன், பொறாமையாகத்தான் இருந்தது. விரல் நோவுள்ளவர்களுக்கு வேறு வழியே யோசிக்க வேண்டாம். ஆனால் குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், அதை எடுக்கக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். எண்ணெய் வகையை மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பரும் போய்விடும்.

போன மாதம் அதுதான் நடந்தது. அவருடைய சைக்கிள் இப்போது கொழும்பில். அது வரும்வரை மாஸ்டர் என் லுமாலாவில் வருகிறார். நேற்றுக் கோட்டை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தவர், எனக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்.