பேட்டில்பாக்ஸா, ஃபோர்டு ஆலையா?

சிங்கப்பூரில் அரைநாள்தான் இருக்கிறது என்பவர்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் இந்த இரண்டு தலைமையகங்களில் எதைப் பார்ப்பது என்று தடுமாறுகிறார்கள்.

இடம்: பேட்டில்பாக்ஸ், ஃபோர்ட் கேனிங் குன்றுக்குள் 9 மீட்டர் ஆழத்தில் பிரிட்டிஷ் மலாயா படைத் தலைமையகத்தின் பதுங்கறை.
ஃபோர்டு ஆலை, புக்கிட் தீமாவில் 1941இல் திறந்த கார் ஆலை. ஜப்பானியத் தளபதி யமாஷிட்டா தலைமையகமாக்கிக்கொண்டார்.

நடந்தது: 1942 பிப்ரவரி 15 காலை, பதுங்கறையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தார். மாலையில் ஆலையில் கையெழுத்திட்டார்.

அசல்: பதுங்கறை பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, 1988இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. தாழ்ந்த கூரை, குறுகிய நடை. அன்றைய புழுக்கம் அங்கே நின்றால்தான் புரியும்.
ஆலையில் கையெழுத்தான அறை உண்டு. அசல் மேசையோ கான்பெராவில்.

நகரின் நடுவிலேயே தங்கியிருந்தால் பேட்டில்பாக்ஸ். அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கும் ஆலைதான் சரி.