சலூமுக்குப் போவதென்றால் மாதம் பார்த்துப் போங்கள்

எனக்குப் புகுந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் செனகல். அதனால் பாரிசில் தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் கிளம்பினால் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். வண்டி கிடைக்குமா, பணம் எங்கே மாற்றுவது, உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேள்வி வரும். எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். வீட்டுக்காரரின் கிராமம் கவுலாக் நகரத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி, சலூம் பகுதியில் இருக்கிறது. அங்கே வேர்க்கடலை விற்ற காசு கைக்கு வந்துவிட்டால் கொத்தனார் வருவார், கல்யாணம் நடக்கும், கடையில் சில்லறை இருக்கும். வராவிட்டால் எல்லாமே அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். நான் விழுப்புரம் பக்கம் மல்லாட்டை தின்று வளர்ந்தவள், ஆனாலும் ஒரு பயிர் இவ்வளவு பேரை ஆட்டிவைப்பதை இங்கேதான் பார்த்தேன்.

இந்த முறை அறுவடை முடிந்து, டிசம்பரில் போனோம். டக்கார் விமான நிலையம் 2017 டிசம்பரிலிருந்து ஊருக்கு வெளியே ஜாஸ் என்ற இடத்தில் இயங்குகிறது. டக்காருக்குப் போகிறவர்களுக்கு அது தொல்லை, எங்களைப் போல உள்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு வசதி, நகரத்து நெரிசலில் மாட்டாமல் நேராக ம்பூர் சாலையைப் பிடித்துவிடலாம். குடியேற்றச் சோதனை சீக்கிரம் முடிந்தது. பெட்டிகள்தான் லேசில் வரவில்லை.

கவுலாக் வரைக்கும் ‘செட் பிளாஸ்’ எனப்படும் வண்டி. ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும் பழைய பெஜோ கார் அது. பின்வரிசை மட்டும் வேண்டவே வேண்டாம், முழங்கால் மோவாயில் இடிக்கும். கையில் காசிருந்தால் இரண்டு இருக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெட்டிக்குத் தனிக் கட்டணம், அதைப் பேரம் பேசியே ஆக வேண்டும்.

ஃபாத்திக் தாண்டியதும் நிலம் மாறுகிறது. மரமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும் உப்புத்தரையைத் ‘தான்’ என்கிறார்கள். சலூமைப் பெயருக்குத்தான் ஆறு என்கிறோம், மேலிருந்து அதற்கு நல்ல தண்ணீர் வருவதில்லை. கடல்நீர் உள்ளே ஏறி வெயிலில் வற்றுவதால், ஊருக்குள் போகப் போக உப்பு கூடுகிறது. கவுலாக்கை நெருங்கும்போது சாலையோரம் உப்பு அம்பாரங்கள் தெரியும். அதைத் தாண்டினால் ஜோர் என்கிற மணல் பூமி, கடலைக்கு ஏற்ற மண். ஒரு வருடம் கடலை, மறு வருடம் கம்பு என்று மாற்றி மாற்றி விதைப்பது செரேர் மக்களின் பழைய வழக்கம். வயலுக்கு நடுவில் ‘கட்’ மரங்களை வெட்டாமல் விட்டிருப்பார்கள். வேல மரத்துக்கு உறவான அது, மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் கோடையில் பச்சையாக நிற்கும். பயிருக்கு நிழல் விழாது, உதிர்ந்த இலை எருவாகும், காயை ஆடு மாடு தின்னும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விருந்தாளிகள் வீம்பு பிடிக்க வேண்டாம். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் உப்போடு ஃப்ளோரைடும் அதிகம். கிராமத்தில் பெரியவர் சின்னவர் பலருக்கும் பல் பழுப்பேறி இருப்பது அதனால்தான். குடிக்கவும் குழந்தைக்குச் சமைக்கவும் புட்டித் தண்ணீர் வாங்கினோம். மாமியார் முகம் சுளிக்கவில்லை, தனக்கும் ஒரு புட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

பணம் அனுப்புவதும் எடுப்பதும்தான் அடியோடு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நாங்கள் பாரிசிலிருந்து அனுப்பினால், மாமியார் குதிரை வண்டி பிடித்து நகரத்துக்குப் போய் வரிசையில் நின்று வாங்க வேண்டும். இப்போது கைபேசியிலேயே வருகிறது. பென்குவின் படம் போட்ட வேவ் நிறுவனம் அனுப்புவதற்கு நூற்றுக்கு ஒன்று மட்டும் பிடிக்க ஆரம்பித்ததும், முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருந்த ஆரஞ்ச் மணியும் இறங்கி வந்தது. சோப்பு விற்கும் அம்மா கடையில்கூட ஸ்கேன் அட்டை தொங்குகிறது. ஆனால் காகிதக் காசு வேண்டுமென்றால் முகவரிடம் இருப்பு இருக்க வேண்டுமே. டிசம்பரில் பிரச்சினை இல்லை, கடலை விற்றவர்கள் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆகஸ்டில் வந்தபோது அதே முகவர் “நாளைக்கு வா” என்றார், மறுநாளும் அதையேதான் சொன்னார். யூரோவுக்கு 655.957 சிஎஃப்ஏ பிராங்க் (செனகலின் நாணயம்) என்பது நிலையான கணக்கு, அதனால் மாற்று விகிதத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. பெரிய நோட்டுக்குச் சில்லறை இல்லை என்பார்கள், அவ்வளவுதான்.

கொழுந்தனாரோடு ஒரு காலையில் ‘செக்கோ’வுக்குப் போனேன். வேலி போட்ட திறந்தவெளிக் கொள்முதல் நிலையம், நடுவில் மலையாகக் கடலை. மூட்டையைப் பிரித்து ஆளுயரச் சல்லடையில் கொட்டினார்கள். மண்ணும் சருகும் பொக்கும் கீழே விழ, மிஞ்சியதுதான் எடைக்குப் போகிறது. சல்லடையை எவ்வளவு நேரம் ஆட்டுவது என்பதில்தான் சண்டையே. ஆட்டுகிறவன் கொள்முதல்காரனுடைய ஆள். கொழுந்தனார் சல்லடையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 2024-25 பருவத்துக்கு அரசு கிலோவுக்கு 305 பிராங்க் விலை வைத்திருந்தது. விலை சரி, பணம்? போன பருவத்தில் வேறொரு கொள்முதல்காரர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலையவிட்டார். அதனால் பலர் உடனே காசு நீட்டும் ‘பானாபானா’ சில்லறை வியாபாரிகளிடமே தள்ளிவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து லாரிகளில் போகும் கடலையில் பெரும்பங்கு சீனாவுக்கு. நகரத்தை ஒட்டி லிந்தியானில் இருக்கும் சோனாக்கோஸ் எண்ணெய் ஆலைக்கு அரைக்கக் கடலை போதவில்லை என்று புலம்பல். 2024 இறுதியில் அரசு ஏற்றுமதியையே நிறுத்தி வைத்ததும் இதற்காகத்தான். விவசாயியைக் கேட்டால், ஆலையும் வேண்டும், சீனாக்காரரும் வேண்டும் என்பார். ஒருவரே வாங்கினால் விலை அவர் வைத்ததுதானே. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடலைக்கொடியையும் வீணாக்குவதில்லை, காயவைத்து ஆட்டுத் தீவனமாக விற்கிறார்கள். வீட்டில் ஆட்டும் ‘செகல்’ எண்ணெய் மணக்கும்தான், ஆனால் பூஞ்சை நச்சுக் கவலை இருப்பதால் குழந்தைக்கு நான் கொடுக்கவில்லை.

கவுலாக் நகருக்குள் ‘ஜகார்த்தா’ என்ற மோட்டார் பைக் டாக்சிதான் எல்லாம். ஓட்டுகிற பையன்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள், மழை விழுந்தால் உழவுக்குப் போய்விடுவார்கள். ஜூலையில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்கி, வண்டி தேவைப்படும் நேரத்தில் வண்டி குறைவு. பின்னால் உட்காருகிறவருக்குத் தலைக்கவசம் கேட்டேன், சிரித்தான்.

மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முன்பணம் கட்டி, மதியம் வரை உட்கார்ந்து, பிறகு “டாக்டர் இன்று வரமாட்டார்” என்றார்கள். பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு வரிசை. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸோ கொஞ்சக் காசுக்குச் சீட்டுப் போட்டு, அழுத்தம் பார்த்து, மாத்திரையை மாற்ற வேண்டாம், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

எந்த வரிசையிலும் உதவுவது குடும்பப் பெயர். நம் பெயர் ந்ஜாய் என்றால் எதிரில் இருக்கும் ஜோப் பெயர்க்காரர் “சோற்றுமூட்டை வந்துவிட்டதா” என்று ஆரம்பிப்பார், மாமன் மச்சான் கிண்டல் மாதிரிதான். வீட்டுக்காரர் பதிலுக்கு இரண்டு வைத்தால் கோப்பு நகரும். செரேர் இனத்தவருக்கும் ஃபுலானி இனத்தவருக்கும் இடையே இதே கேலி உண்டு, போலீஸ் சோதனைச் சாவடியில்கூடப் பார்த்தேன்.

ஆகவே டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மழை மாதங்களில் கொசு. நபிகள் பிறந்தநாளுக்குக் கவுலாக்கின் மெதினா பாய் பகுதியில் கூடும் கமூ விழா வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். அந்த வாரத்தில் கவுலாக்கில் அறையும் கிடைக்காது, செட் பிளாஸில் பின்வரிசைகூடக் கிடைக்காது, டிக்கெட் போடும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.