புள்ளி வைத்தால் ழகரம்: கிர்ஷன்பாம் ஒலிக்குறிமுறை, ஓராண்டு பழகிய பின்

தமிழ்ச் சொற்களின் உச்சரிப்பைச் சாதாரண விசைப்பலகையில் உள்ள லத்தீன் எழுத்துகளாலேயே எழுதிவைப்பது என் வேலை. 1992இல் உருவாகத் தொடங்கிய கிர்ஷன்பாம் முறையை ஓராண்டாக இதற்குப் பயன்படுத்துகிறேன்.

என்னைக் கட்டிப்போட்டது நாமடி ஒலிகளுக்கான புள்ளிதான். 'டி'க்குப் பின் புள்ளி வைத்தால் டகரம். 'என்' எழுத்துக்குப் பின் வைத்தால் ணகரம், 'எல்' என்றால் ளகரம், 'ஆர்' என்றால் ழகரம். நுனிநா மேலே வளைகிறது என்ற ஒரே செய்திக்கு ஒரே குறி. ட, ண இரண்டையும் நுனிநா அண்ணத்தில் சேர்த்துச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இது பழகிய வழியாகவே தெரியும். இதேபோல் விசைப்பலகைக் குறிகளால் உச்சரிப்பை எழுத, ஒலியியலாளர் ஜான் வெல்ஸ் 1995இல் வகுத்த எக்ஸ்-சாம்பா முறையிலும் நாமடிக்குத் தனிக்குறி உண்டு. ஆனால் ஒரு ழகரத்துக்கு மூன்று விசை தட்ட வேண்டும். 'ஏழேழு' என்று நாள் முழுக்க அடித்துப் பார்த்தால் அருமை புரியும்.

எந்தக் குறிமுறையையும் நான் ஆறு மூக்கொலிகளை வைத்துத்தான் சோதிப்பேன். இதில் வெறும் 'என்' னகரம். பல்லொலிக் குறி சேர்ந்தால் நகரம், புள்ளி சேர்ந்தால் ணகரம், கூரைக்குறி சேர்ந்தால் ஞகரம். இவ்வளவு ஒழுங்காக வந்துவிட்டு, ஙகரத்துக்குப் பெரிய 'என்' போட்டுவிட்டார்கள். கடையண்ணத்தில் பிறக்கிறது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. இங்கே எனக்கு உண்மையான வருத்தம். நெளிவடைப்புக்குள் மூன்றெழுத்துச் சுருக்கங்களாக ஒலிக்கூறுகளை (ஒலி பிறக்கும் இடம், விதம் போன்றவற்றை) அடுக்கவும் வழி உண்டு. முழுச் சொல்லை அப்படி எழுத யாருக்கும் பொறுமை இருக்காது.

பெரிய சிக்கல் தேடும்போது வந்தது. ணகரச் சொற்களை எடுக்க, எழுத்துகளின் அமைப்பைக் கொடுத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'என்' அடித்துப் புள்ளி வைத்தேன். அங்கே புள்ளி என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து'. நகரம், ஞகரம், னகரம் எல்லாம் வந்து கொட்டின. பல்லொலிக் குறியோ திறந்த சதுர அடைப்பு. அதைத் தேடினால் பிழைச் செய்திதான் வரும். குறிகள் பொருத்தமானவை, அவற்றுக்கு எடுத்த வடிவங்கள்தான் கணினியோடு மோதுகின்றன.

அதனால் என் கோப்புகளில் புள்ளிக்குப் பதில் 'கியூ' போடுகிறேன்; தமிழுக்கு அந்த எழுத்து வேறெதற்கும் தேவைப்படவில்லை. பிறருக்கு அனுப்பும்முன் ஒரு சிறு நிரல் அதைப் புள்ளியாக்கிவிடும். ழகரத்துக்கு இப்போதும் இரண்டே விசை.